ஐப்பசி அமாவாசைக்கு மூணு நாள் முன்னாடி சந்தை விழுமா?

12.10.2025, காலை: ஒரு வாசகரின் கேள்வி

1987 அக்டோபர் 19, கருப்புத் திங்கள். அமெரிக்கப் பங்குக் குறியீடு டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. மூன்றாம் நாள், அக்டோபர் 22, அமாவாசை. 1929 அக்டோபர் 29, கருப்புச் செவ்வாய். மூன்றாம் நாள், நவம்பர் 1, அமாவாசை. அன்றைக்கு சூரிய கிரகணம் வேறு. இரண்டுமே நம் கணக்கில் ஐப்பசி அமாவாசை. நிலா 19 வருஷத்துக்கு ஒரு தடவை ஏறக்குறைய அதே தேதிக்குத் திரும்பும். 1987-உடன் 19 கூட்டினால் 2006, இன்னொரு 19 கூட்டினால் 2025. வரும் 21-ந் தேதி அமாவாசை. கையில் இருப்பதை 17-க்குள் விற்றுவிடலாமா? இங்கே யாராவது திதி பார்த்து டிரேடு செய்திருக்கிறீர்களா?

12.10.2025, இரவு

செஞ்சிருக்கேன். ரெண்டு வருஷம். அந்தக் கதை அப்புறம்.

உங்க தேதிகளைச் சரிபாத்தேன், எல்லாம் சரிதான். அதான் பயமா இருக்கு, தப்பான கணக்குன்னா சிரிச்சிட்டுப் போயிடலாம். ஆனா 1987-ல இருந்து 2025-க்குத் தாவுறப்போ நடுவுல 2006-ஐ மிதிச்சுட்டுத் தாண்டிட்டீங்க. அந்த வருஷமும் அக்டோபர் 22 அமாவாசை. என்ன ஆச்சு அப்போ? ஒண்ணும் ஆகலை. ஒரு வாரம் கழிச்சு அக்டோபர் 30-ம் தேதி பம்பாய்ச் சந்தைக் குறியீடு சென்செக்ஸ் முதல் தடவையா 13,000-ஐத் தாண்டுச்சு. மூணுல ஒண்ணுதான் விழுந்திருக்கு, மூணாவது இன்னும் வரவே இல்லை. இதை வெச்சு விக்கிறதா?

13.10.2025

"2006 மே மாசம் பெரிய வீழ்ச்சி வந்துச்சே" ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். வந்துச்சு. மேயில வந்ததை ஐப்பசிக் கணக்குல எழுதணும்னா நிலாவை விட்டுட்டு வேற கிரகத்தைப் பிடிங்க.

17.10.2025

வெள்ளி. தேசியப் பங்குச் சந்தைக் குறியீடு நிஃப்டி 25,709-ல முடிஞ்சிருக்கு, 124 புள்ளி ஏத்தம். கேள்வி கேட்டவர் வித்தாரான்னு தெரியலை. மூணு நாள் முன்னாடிங்கிறது நாளைக்கு, சனிக்கிழமை. சந்தை லீவு.

20.10.2025, தீபாவளி

எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு, லேகியம் சாப்பிட்டு, ஒன்பதேகாலுக்கு டெர்மினல் முன்னாடி உக்காந்தேன். வீட்டுல திட்டு. நமக்கு இன்னைக்குத் தீபாவளி, பம்பாய்க்கு லட்சுமி பூஜை நாளைக்கு. அதனால சந்தைக்கு இன்னைக்கு வேலை நாள். 133 புள்ளி ஏறி 25,843. முந்தின நாள் மதியம் வரைக்கும் "விக்கவா வேண்டாமா"ன்னு எனக்குத் தனிச்செய்தி அனுப்பின நாலு பேர்ல ரெண்டு பேர் இன்னைக்குப் பதில் போடலை. போடுங்கய்யா, திட்ட மாட்டேன்.

21.10.2025

முகூர்த்த வணிகம், அதாவது தீபாவளிக்குச் சம்பிரதாயமா சந்தை ஒரு மணி நேரம் திறக்குறது, மதியம் 1.45-லிருந்து 2.45. எப்பவும் சாயங்காலம் வைப்பாங்க, இந்த வருஷம் மதியம். 25 புள்ளி ஏத்தம். எல்லாரும் ஆளுக்கு ஒரு பங்கு சாமிக்கு வாங்குற மாதிரி வாங்குற அந்த ஒரு மணி நேரத்தை வெச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது. ஆனா ஒண்ணு கவனிங்க. பம்பாய் பங்குச் சந்தை 1957-லிருந்து வருஷா வருஷம் அமாவாசை அன்னைக்குப் புதுக் கணக்கு போடுது. வடக்குல மத்த அமாவாசைக்கு நல்ல காரியம் தொடங்க மாட்டாங்க. நம்ம பக்கம் "நிறைஞ்ச அமாவாசை"ன்னு வண்டியே எடுப்போம். ஒரே நாளு, ஊருக்கு ஊர் வேற அர்த்தம். இந்தக் குணம்தான் சந்தையில வர்றப்போ தொல்லை.

25.10.2025

சரி, என் கதை.

2020 மார்ச் 23, நிஃப்டி ஒரே நாள்ல 13 சதவீதம் விழுந்து 7,610. மறுநாள் 24, செவ்வாய், அமாவாசை. காலையில 7,511 வரைக்கும் போய்த் திரும்பி 7,801-ல முடிஞ்சுது. அன்னைக்கு ராத்திரி எட்டு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு அறிவிச்சாங்க. அந்த 7,511-க்குக் கீழ நிஃப்டி இன்னைக்கு வரைக்கும் போகலை.

அன்னைக்கு நான் வாங்கினேன். நிஃப்டி இடிஎஃப் (நிஃப்டி பங்குகளை மொத்தமா வெச்சிருக்கிற, பங்கு மாதிரியே சந்தையில வாங்கி விக்கிற ஃபண்டு), 200 யூனிட். சித்தப்பா ஈரோட்டுல மஞ்சள் மண்டி வெச்சிருந்தவர், "அமாவாசைக்குத் தொட்டா நிக்கும்டா"ன்னு சின்ன வயசுலேருந்து சொல்லிக் கேட்டிருக்கேன். அடிமட்டத்துலயே வாங்கினவன்னு ஒரு கெத்து. அதுக்கப்புறம் அமாவாசைக்கு வாங்கு, பௌர்ணமிக்கு வித்திடுன்னு விதி எழுதி, நோட்டுப் போட்டு, முதல் பக்கத்துல பிள்ளையார் சுழியும் போட்டாச்சு.

2008-ஐயும் பாத்தேன், அது இன்னும் உறுதியாக்கிடுச்சு. நிஃப்டி அப்போதைய உச்சம் 6,357 தொட்டது ஜனவரி 8, அமாவாசை. சரிஞ்சு ரத்தக் களறியானது 21, 22. ஜனவரி 22 பௌர்ணமி. இதைப் பாத்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

26.10.2025

மேல எழுதினதுல திருத்தம். எழுதிட்டு உறுத்துச்சு, பழைய மின்னஞ்சல்ல கான்ட்ராக்ட் நோட்டை, அதாவது புரோக்கர் அனுப்புற ரசீதை, தேடிப் பாத்தேன்.

2020 மார்ச்ல நான் வாங்கினது ஒரு தடவை இல்லை, மூணு தடவை. 9-ம் தேதி ஒரு தடவை; அன்னைக்குப் பௌர்ணமி! 12-ம் தேதி ஒரு தடவை. அப்புறம்தான் 24. ஒன்பதாம் தேதி வாங்கினதுல பயங்கர அடி. அஞ்சரை வருஷமா அதை நான் ஒரு தடவைகூட யார்கிட்டயும் சொன்னதில்லை, பொய் சொல்லணும்னு இல்லை, ஞாபகமே இல்லை. அமாவாசை மட்டும் நின்னுச்சு. சித்தப்பா சொன்ன "நிக்கும்" இதைத்தானோ என்னமோ.

இன்னொண்ணு. 2008 உதாரணத்துல அமாவாசைக்கு உச்சம். 2020-ல அமாவாசைக்கு அடிமட்டம். என் விதிப்படி 2008 ஜனவரி 8-ல உச்சத்துல வாங்கி 22-ல தரையில வித்திருப்பேன். அதை எப்படி "உறுதியாக்கிடுச்சு"ன்னு எடுத்துக்கிட்டேன்? இப்போ யோசிச்சாலும் புரியலை. நிலாவும் தேதியும் பக்கத்துல பக்கத்துல இருந்தா போதும், திசை எதுவானாலும் மனசு டிக் போட்டுடுது.

2.11.2025

"ஆராய்ச்சியே இருக்கே, நீ என்ன பெரிய இவனா" ன்னு ஒரு தம்பி கோவமா எழுதியிருக்கார். இருக்கு தம்பி. 2003-ல டிச்சேவ், ஜேன்ஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நிலாவையும் சந்தையையும் பத்தி ஒண்ணு எழுதினாங்க. 2006-ல யுவான், ஜெங், ஜூ மூணு பேரும் 48 நாட்டுச் சந்தையை எடுத்துப் பாத்தாங்க. அமாவாசையை ஒட்டின நாட்கள்ல கிடைக்கிற வருமானத்தைவிடப் பௌர்ணமியை ஒட்டின நாட்கள்ல கம்மி. வருஷத்துக்கு 3-லிருந்து 5 சதவீதம் வித்தியாசம். விளையாட்டு ஆராய்ச்சி இல்லை, நல்ல சஞ்சிகையில வந்தது. இன்னொரு வேடிக்கை, வர்த்தக அளவுலயோ ஏற்ற இறக்கத்துலயோ நிலாவோட தடம் ஒண்ணும் தெரியலைன்னும் அதுலயே எழுதியிருக்காங்க. ஆக, பௌர்ணமிக்கு ஜனங்க கிறுக்குப் பிடிச்சு வாங்கி விக்கிறாங்கங்கிற கதை அதுல இல்லை.

நானும் 2020-ல இதைத்தான் ஆதாரமாப் பிடிச்சுக்கிட்டேன். "அமாவாசைக்கு வாங்கு பௌர்ணமிக்கு வில்லு, 48 நாட்டுல நிரூபிச்சாச்சு."

2.11.2025, ராத்திரி 11.40

இல்லை. இல்லவே இல்லை. திரும்ப நிதானமாப் படிச்சேன். அஞ்சு வருஷமா தப்பாப் புரிஞ்சு வெச்சிருக்கேன்.

அவங்க பாத்தது அமாவாசையை நடுவுல வெச்சு முன்னாடி ஏழு நாள், பின்னாடி ஏழு நாள். நான் செஞ்சது அமாவாசையில தொடங்கிப் பௌர்ணமியில முடிக்கிறது, அதாவது முழு வளர்பிறை. ரெண்டும் வேற வேற பதினஞ்சு நாள், பாதிதான் ஒண்ணு மேல ஒண்ணு விழும். அவங்க கணக்குப்படி டிரேடு பண்ணணும்னா அமாவாசைக்கு ஏழு நாள் முன்னாடி வாங்கி ஏழு நாள் பின்னாடி விக்கணும். அது என்ன திதி?

தேய்பிறை அஷ்டமியில வாங்கி வளர்பிறை அஷ்டமியில விக்கணும்!

சித்தப்பாகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "அஷ்டமியில வாங்கி அஷ்டமியில விக்கவா? யாரு சொன்னது, அமெரிக்காக்காரனா?"ன்னு கேட்டார்.

3.11.2025

சரி, 2020 மார்ச்சை அஷ்டமிக் கணக்குலயே போட்டுப் பாப்போம்னு பாத்தேன். வளர்பிறை அஷ்டமி மார்ச் 2: நிஃப்டி 11,132. தேய்பிறை அஷ்டமி மார்ச் 16: 9,197. அடுத்த வளர்பிறை அஷ்டமி ஏப்ரல் 1: 8,253. பௌர்ணமிப் பக்கமும் அடி, அமாவாசைப் பக்கமும் அடி. கொரோனாவுக்குத் திதி தெரியலை. ஒரே ஒரு மாசத்தை வெச்சு 48 நாட்டு ஆராய்ச்சியை மறுக்க முடியாதுதான். ஆனா ஒரே ஒரு மாசத்தை வெச்சுத்தானே நான் நம்பவும் ஆரம்பிச்சேன்.

5.11.2025, பௌர்ணமி

விதிப்படி இன்னைக்கு விக்கணும். சந்தை லீவு. குரு நானக் ஜயந்தி. அது எல்லா வருஷமும் பௌர்ணமியிலதான் வரும், தப்பவே தப்பாது. அதே மாதிரி முகூர்த்த வணிக நாள் எப்பவும் அமாவாசை, ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும். வருஷத்துக்கு ரெண்டு திதியை இப்படிச் சந்தையே முழுங்கிடுது. கோயில்ல அன்னாபிஷேகம் பாத்துட்டு வந்தேன், அது நல்லா இருந்தது.

9.11.2025

செலவுக் கணக்கு கேட்டிருந்தீங்க. அந்த 3-லிருந்து 5 சதவீதத்துல நடுவா 4-ன்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்குப் பன்னிரண்டு சொச்சம் அமாவாசை. ஒரு சுத்துக்குத் தோராயமா 0.3 சதவீதம். பங்கை டெலிவரியில (அன்னைக்கே விக்காம கையில வெச்சுக்க) வாங்கினா எஸ்டிடி, அதாவது பங்கு வர்த்தக வரி, 0.1 சதவீதம், வித்தா இன்னொரு 0.1. மூணுல ரெண்டு பங்கு அங்கேயே போச்சு. மிச்சத்துல புரோக்கரேஜ், முத்திரைத் தீர்வை, ஜிஎஸ்டி. இதுக்கு மேல லாபம் வந்தா ஒரு வருஷத்துக்குள்ள வித்ததால 20 சதவீதம் வரி. 2024 ஜூலை வரைக்கும் 15-ஆ இருந்தது.

நிஃப்டி 25,000-ல இருக்கப்போ 0.3-ன்னா 75 புள்ளி. அந்த 75 புள்ளியை நம்ம சந்தை காலைக் காப்பி ஆறுறதுக்குள்ள ஏறி இறங்கிடும்.

10.11.2025

இடிஎஃப்-க்கு எஸ்டிடி கிட்டத்தட்ட இல்லைன்னு ஒருத்தர் திருத்தியிருக்கார். சரிதான், விக்கிறப்போ 0.001 மட்டும். நேத்து நான் எழுதினது பங்குக்கு. ஆனா 20 சதவீத வரி இடிஎஃப்-க்கும் உண்டு.

புதன் வக்ரம் (வானத்துல பின்னாடி போற மாதிரி தெரியறது) நேத்து ராத்திரி ஆரம்பிச்சிடுச்சாம், 29 வரைக்கும். "புதன்தான் வணிகத்துக்கு அதிபதி, அதனால உங்க கணக்கே தப்பாத்தான் வரும்"ங்கிறார் அதே ஆளு. இதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

16.11.2025

நிலாவை விட்டுச் சூரியனுக்கு வருவோம். ஜெவன்ஸ்னு ஒரு இங்கிலாந்துப் பொருளியல் மேதை. இன்னைக்கும் கல்லூரியில பயன்பாட்டுக் கோட்பாடு படிக்கிறப்போ அவர் பேர் வரும். 1870-கள்ல அவருக்கு ஒரு வேகம்: சூரியப் புள்ளி (சூரியன் மேல தெரியுற கரும்புள்ளி) கூடிக் குறையுறதுக்கும் வணிக நெருக்கடிக்கும் தொடர்பு இருக்குன்னு. சூரியப் புள்ளிச் சுழற்சி 11.1 வருஷம்னு அப்போ கணக்கு. வணிக நெருக்கடி வந்தது சராசரி 10 வருஷம் சொச்சத்துக்கு ஒரு தடவை. ஒட்டலை. அப்புறம் இன்னொருத்தர் சூரியப் புள்ளிக்கு 10.45 வருஷம்னு கணக்குப் போட்டதும் இவருக்கு ஒரே சந்தோஷம், பிடிச்சுக்கிட்டார். பின்னால சூரியப் புள்ளி சுமார் 11-ன்னே நிலைச்சுப் போச்சு.

லண்டன் நெருக்கடிக்கும் சூரியனுக்கும் நடுவுல பாலமா அவர் வெச்சது நம்ம நாட்டை. சூரியப் புள்ளியால இந்தியாவுல மழையும் விளைச்சலும் மாறும், விளைச்சல் கெட்டா இந்தியன் கையில காசு இருக்காது, காசு இல்லைன்னா மான்செஸ்டர் துணி விக்காது. அவர் இதை எழுதின 1878-லதான் சென்னை மாகாணத்துல தாது வருஷப் பஞ்சம் தீந்தும் தீராம இருந்தது. இங்கே சனங்க செத்துக்கிட்டு இருந்தாங்க, அங்கே அது ஒரு வரைபடத்துல புள்ளி.

அவரைச் சிரிக்கிறதுக்காக எழுதலை. அவ்வளவு பெரிய மூளையே 11.1-ஐ 10.45-ஆக்கினதும் மயங்கியிருக்கு. நான் பௌர்ணமியில வாங்கினதை மறந்தேன். அவர் பொருந்தாத எண்ணை மறந்தார்.

23.11.2025

ஞாயித்துக்கிழமை ஈரோடு போயிருந்தேன். சித்தப்பா பரண்மேல இருந்து பழைய மண்டி நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்துலயும் மேல பிள்ளையார் சுழி, இடது ஓரத்துல தேதி, அமாவாசைக்கு ஒரு கருப்புப் பொட்டு, பௌர்ணமிக்கு ஒரு வட்டம். எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுது. இருபது வருஷத்து மஞ்சள் கொள்முதல், திதியோட! எக்ஸல்ல ஏத்தினா...

அப்புறம் பாத்தா, அஷ்டமி நவமிக்கு நேராவும் மூட்டைக் கணக்கு இருக்கு. "அன்னைக்குக் கொள்முதல் வேண்டாம்பீங்களே சித்தப்பா?"ன்னேன். "விவசாயி வண்டி கட்டிக் கொண்டாந்து வாசல்ல நிறுத்திட்டா அஷ்டமின்னு திருப்பி அனுப்ப முடியுமா? வாங்கிக்குவேன். பணம் மட்டும் தசமிக்கு"ன்னார். அந்தப் பொட்டெல்லாம் எதுக்குன்னு கேட்டேன். அமாவாசைக்கு மண்டி வாசல்ல பூசணிக்காய் உடைக்கணும், ஆள் மறந்துடுவான், அதுக்காகவாம். விலையை எப்படி முடிவு பண்ணுவீங்கன்னா, பேசாம உள்ளே போய் ஒரு விரலி மஞ்சள் கொண்டாந்து என் முகத்துக்கு நேரா பட்டுனு ஒடிச்சு உள்நிறத்தைக் காட்டினார். அவ்வளவுதான்.

வர்ற வழியெல்லாம் அதே நினைப்பு. அவர் திதி பாத்தது பணம் கொடுக்குற நாளுக்கு. நான் அதை வாங்குற நாளுக்கு மாத்திக்கிட்டேன்.

25.11.2025

ராகு காலம் பத்தி ஒரு சின்னச் சேதி, சிரிக்கத்தான். திங்கக்கிழமை ராகு காலம் 7.30-லிருந்து 9, சந்தை திறக்குறதே 9.15-க்கு, தப்பிச்சோம். வியாழன் 1.30-லிருந்து 3. நிஃப்டி வாராந்திர எக்ஸ்பைரி (ஆப்ஷன் ஒப்பந்தம் காலாவதியாகுற நாள்) ரொம்ப வருஷம் வியாழக்கிழமைதான், மதியம் அந்த நேரத்துலதான் பிரீமியம் (ஆப்ஷனோட விலை) எல்லாம் கரைஞ்சு ஓடும். இந்தச் செப்டம்பர்லேருந்து எக்ஸ்பைரியைச் செவ்வாய்க்கு மாத்தினாங்க. செவ்வாய் ராகு காலம் 3-லிருந்து 4.30. முடிவு விலை கணக்குப் போடுறது கடைசி அரை மணி நேரத்தை வெச்சு, 3-லிருந்து 3.30. ராகு பின்னாடியே வந்துட்டார்.

5.12.2025

நிலா விதியில இருக்கறவங்களுக்கு ஒரு கேள்வி. இந்த மாசப் பௌர்ணமி என்னைக்கு? திருவண்ணாமலையில தீபம் 3-ம் தேதி ஏத்தியாச்சு, அது கார்த்திகை நட்சத்திரக் கணக்கு. கிரிவலம் பௌர்ணமித் திதிக்கு, 4-ம் தேதி. அமெரிக்கத் தளத்துலயும் டிசம்பர் 4-ன்னுதான் போட்டிருக்கு, ஆனா அது அவங்க நேரம். நம்ம நேரத்துக்கு நிலா முழுசானது இன்னைக்கு விடியக்காலை நாலே முக்காலுக்கு. வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும். ஆக 3, 4, 5, எதுல விக்கிறது? மூணு நாள்ல எதுல வித்தாலும் "பௌர்ணமிக்கு வித்தேன்"னு சொல்லிக்கலாம். என் பழைய நோட்டுல தோத்த டிரேடு பக்கத்துல எல்லாம் பென்சில்ல இப்படித்தான் குறிப்பு: "திதி மதியமே முடிஞ்சிடுச்சு", "திருக்கணிதப்படி நாளைக்கு". ஜெயிச்ச டிரேடு பக்கத்துல ஒரு குறிப்பும் இல்லை.

7.12.2025

எவ்வளவு விட்டேன்னு மூணு பேர் கேட்டாச்சு. சொல்லிடறேன்.

2020, 2021 ரெண்டு வருஷமும் அமாவாசைக்கு வாங்கி ஓரளவு காசு பாத்தேன். அப்போ பஞ்சாங்கமே பாக்காம குருட்டாம்போக்குல வாங்கினவனும் பாத்தான். 2021 டிசம்பர்ல பௌர்ணமிக்கு முன்னாடி புட் ஆப்ஷன் (சந்தை விழுந்தா காசு தர்ற ஒப்பந்தம்) ஒரு லாட், அதாவது ஒரு கட்டு, வாங்கினேன், 20-ம் தேதி சந்தை விழுந்துச்சு. 2022 ஜனவரி 17-ல ரெண்டு லாட், மூணே நாள்ல நல்ல லாபம். பிப்ரவரி 16 பௌர்ணமிக்கு மூணு லாட். 24-ம் தேதி ரஷ்யா உக்ரைனுக்குள்ள நுழைஞ்சு நிஃப்டி 815 புள்ளி விழுந்தப்போ நான் ஏதோ எனக்கு முன்னாடியே தெரிஞ்ச மாதிரி நடந்துக்கிட்டேன். வெக்கமா இருக்கு இப்போ.

மார்ச் 18 பௌர்ணமி. அன்னைக்கு ஹோலி, லீவு. அதனால 17-ம் தேதி வியாழக்கிழமையே நாலு லாட் 17,000 புட் (முடிவுல நிஃப்டி 17,000-க்குக் கீழ இருந்தாத்தான் காசு), அடுத்த வார எக்ஸ்பைரி. கிட்டத்தட்ட 24,000 ரூபாய். வெள்ளி லீவு, சனி, ஞாயிறு. மூணு நாள் நிலா காய்ஞ்சுது, பிரீமியமும் காய்ஞ்சுது. திங்கள் கொஞ்சம் இறங்குச்சு, வித்திருக்கலாம், விக்கலை, பௌர்ணமி வேலை செய்ய ஆரம்பிச்சிடுச்சுன்னு நினைச்சேன். 24-ம் தேதி நிஃப்டி 17,200-க்கு மேல, புட் பூஜ்யம். வீட்டுல சொன்னது 4,000 போச்சுன்னு.

சந்தையைக் கண்காணிக்கிற செபி கணக்குல எஃப் அண்ட் ஓ-வுல (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) தனிநபர் டிரேடர் நூத்துக்கு 93 பேர் நஷ்டம், 2021-22-லிருந்து மூணு நிதியாண்டுக்கு. என் மார்ச் அதுல ஒரு துளி.

இப்பவும் மாசம் ஒரு தடவை அமாவாசைக்கு இடிஎஃப் வாங்குறேன், விக்கிறதில்லை. சம்பளம் வந்த அன்னைக்கு வாங்கினாலும் ஒண்ணுதான். ஆனா தேதி நிச்சயமா இருந்தா நடுவுல கை அரிக்கிறதில்லை. அதோட பூசணிக்காய் உடைக்கிற நாளும் அதுதான், மறக்காது.

7.12.2025, கொஞ்ச நேரம் கழிச்சு

முதல் கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கார்! அக்டோபர் 17-ல பாதியை வித்தாராம், 20-ம் தேதி தீபாவளி அன்னைக்கே திரும்ப வாங்கிட்டாராம். வரி போக எவ்வளவு மிச்சம்னு சொல்ல மாட்டேங்கிறார். 1987 சரம் தப்பினா என்ன, 2008-க்கு 19 கூட்டினா 2027, ஜனவரி 7 அமாவாசை, அதுதான் அடுத்த உச்சம்ங்கிறார். பந்தயம் நாலு பரோட்டா, ஒரு சால்னா. ஒத்துக்கிட்டேன். அன்னைக்கு வியாழக்கிழமை, ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூணு.